டிக்கெட்டில் சேராத கட்டணம்

கள்ளக்கடல் என்றால் என்னவென்று குமரி மாவட்டக் கடற்கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும். கடல் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் கரையேறி வீட்டு முற்றத்துக்கு வந்துவிடும். கேரளக் கரையும் நம் கரையும் பங்கிட்டுக்கொள்ளும் இந்த மீனவர் சொல்லை 2012இல் யுனெஸ்கோ அறிவியல் வழக்காகவே ஏற்றுக்கொண்டது. கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாட்களில்தான், 2024 மே 6 அன்று, கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை கொண்டுபோயிற்று. இந்த அலைகளின் பிறப்பிடம் குமரிக்கடல் இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, மனிதர் வாழாத பெருங்கடற்பரப்பில் அடிக்கும் புயற்காற்று எழுப்பிவிட்ட நெட்டலைகள், நாட்கணக்கில் பயணப்பட்டு இங்கே வந்து கரை தொடுகின்றன. தூரத்துக் கடலில் நடப்பது நமக்கெதற்கு என்று கேட்கும் வசதி இந்தக் கரைக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆகவே வடதுருவத்தை ஒட்டிய பனிக்கடலில் சொகுசுக் கப்பல்கள் போய்வருவதைப் பற்றிக் குமரியில் இருந்துகொண்டு ஒரு கருத்துச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

அந்தப் பயணம் எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பனியைத் தாங்கும்படி வலுவூட்டப்பட்ட உடல்கொண்ட கப்பல். பெரும்பாலும் நூறு முதல் இருநூறு பயணிகள். பால்கனி வைத்த அறை, பனிக்கரடியைப் பற்றியும் பனியாறுகளைப் பற்றியும் மாலையில் உரையாற்றும் நிபுணர்கள், கரையிறங்க ரப்பர் படகுகள். ஆளுக்குப் பல லட்சம் ரூபாய் ஆகும். இந்தியப் பயண நிறுவனங்களும் இதை விற்கின்றன. விற்பனையின் உள்ளுரை எப்போதும் ஒன்றுதான்: உருகிப்போவதற்குள் பார்த்துவிடுங்கள். 2016இல் கிரிஸ்டல் செரினிட்டி என்ற பெருங்கப்பல் ஏறத்தாழ 1,000 பயணிகளுடன் அலாஸ்காவிலிருந்து கனடாவின் வடமேற்குப் பாதை வழியாக நியூயார்க் வரை 32 நாட்கள் சென்றபோது, மிகக் குறைந்த கட்டணமே சுமார் 22,000 டாலர். நூறாண்டுகளுக்கு முன் அதே பாதையைக் கடக்க ரோல்டு அமுண்ட்சென் 1903இல் தொடங்கி 1906 வரை பனியோடு போராட வேண்டியிருந்தது. பாதையைத் திறந்துவிட்டது உருகல்; அதைக் காசாக்குவது கப்பல். இப்படிப்பட்ட பயணத்தை யாரும் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த டிக்கெட்டின் விலை முழுவிலை இல்லை என்பதுதான் என் வாதம். மீதியைக் கட்டுகிறவர்கள் கப்பலில் ஏறாதவர்கள். அந்த மீதியும் பயணிகளிடமே வசூலாகாதவரை இந்தத் தொழில் வளர அனுமதிக்கக் கூடாது.

கரியமில வாயுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். டிர்க் நாட்ஸ், ஜூலியன் ஸ்ட்ரோவ் என்ற இரு விஞ்ஞானிகள் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, காற்றில் சேரும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவும் செப்டம்பர் மாத ஆர்க்டிக் கடற்பனியில் சுமார் 3 சதுர மீட்டரைக் கரைக்கிறது. பத்தமடைப் பாய் இரண்டை விரிக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளலாம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, ஒஸ்லோ வழியாக நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம் போய்த் திரும்ப, சிக்கன வகுப்பில் இருந்தாலும் ஒருவர் கணக்கில் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. கப்பலில் கால் வைப்பதற்கு முன்பே மூன்று பாய் சுருட்டியாகிவிட்டது. சராசரி இந்தியர் ஒருவர் ஆண்டு முழுவதற்கும் வெளியிடுவது சுமார் 2 டன் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கப்பல் எரிபொருளின் கணக்கு இதற்கு மேல். அதிலும் புகைக்கரி தனிக்கதை: வெள்ளைப் பனிமேல் படியும் கரி வெயிலை உறிஞ்சி, அந்த இடத்திலேயே உருகலை விரைவுபடுத்துகிறது. 1979இலிருந்து ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகி வந்திருக்கிறது. எதைப் பார்க்கப் போகிறார்களோ அதையே கொஞ்சம் கரைத்துவிட்டு வருவது இந்தச் சுற்றுலாவின் உள்முரண்.

அடுத்து எண்ணெய். கப்பல் எரிபொருளில் மிக மலிவானது கனரக எண்ணெய். சுத்திகரிப்பில் கடைசியாக எஞ்சும் தார் போன்ற சரக்கு. அது கடலில் கொட்டினால் என்ன ஆகும் என்பதை 2017 ஜனவரியில் எண்ணூரில் பார்த்தோம். இரண்டு கப்பல்கள் மோதிய பிறகு, பெரிய துறைமுகமும் மாநகரமும் பக்கத்திலேயே இருந்தும், மாணவர்களும் தொண்டர்களும் வாளியால்தான் அள்ளினார்கள். கிரீன்லாந்தின் பெரும்பாலும் ஆளில்லாத கிழக்குக் கரையில் வாளி பிடிக்கவும் கை கிடையாது. குளிரில் அந்த எண்ணெய் சிதைய நெடுங்காலம் ஆகும்; பனிக்கடியில் புகுந்துவிட்டால் தேடி எடுக்கவும் முடியாது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஆர்க்டிக்கில் கனரக எண்ணெயைத் தடை செய்தது 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. ஆனால் எரிபொருள் தொட்டிக்கு இரட்டைச் சுவர் உள்ள கப்பல்களுக்கும், ஆர்க்டிக் கரை நாடுகள் விலக்கு அளிக்கும் தங்கள் கொடிக் கப்பல்களுக்கும் 2029 வரை வாசல் திறந்திருக்கிறது. இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: சிறிய ஆய்வுப்பயணக் கப்பல்களை நடத்துவோரின் சங்கமே இந்தத் தடையை ஆதரித்தது, அவர்களில் பெரும்பாலோர் இலேசான எண்ணெயைத்தான் பயன்படுத்துகிறார்கள். குற்றவாளி சொகுசுக் கப்பல் மட்டும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் விபத்து நேர்ந்தால் யார் தலையில் விடியும் என்ற கேள்விக்கு எண்ணெயின் நயம் விடையாகாது.

அந்தக் கேள்வி நமக்கு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற லைபீரியக் கொடிக் கப்பல் 2025 மே 25 அன்று 640 கொள்கலன்களோடு மூழ்கியது. அதில் 367 டன் உலை எண்ணெயும் 84 டன் டீசலும் இருந்தன. மூழ்கியது கேரளக் கடலில் என்றாலும், சில நாட்களிலேயே அரிசிமணி போன்ற பிளாஸ்டிக் குருணைகள் குமரியின் மேற்குக் கரை ஊர்களிலும் மணலோடு மணலாக ஒதுங்கின. சல்லடை பிடித்தவர்கள் கரைக்காரர்கள். கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு நீதிமன்றம் போனது. உயர் நீதிமன்றம் இப்போதைக்குப் பிணையாகக் கட்டச் சொன்னது சுமார் 1,227 கோடி. கேட்டது நியாயமான தொகையா என்பது வழக்கின் முடிவில் தெரியட்டும். கேட்கவே எம்.எஸ்.சி.யின் இன்னொரு கப்பலைத் துறைமுகத்தில் பிடித்துவைக்க வேண்டியிருந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய சங்கதி. நீதிமன்றமும் துறைமுகமும் உள்ள மாநிலத்துக்கே இந்தப் பாடு.

கனடாவில் இது இன்னும் வேடிக்கையாக நடந்தது. 2010இல் கிளிப்பர் அட்வென்ச்சரர் என்ற சுற்றுலாக் கப்பல் நுனாவுட் கடலில் பாறைமேல் ஏறி நின்றது. பயணிகளைக் கடலோரக் காவல் படையின் பனியுடைப்புக் கப்பல் வந்து மீட்டது. பாறையை வரைபடத்தில் சரியாகக் காட்டவில்லை என்று கப்பல் உரிமையாளர் கனடா அரசின்மீதே வழக்குத் தொடுத்தார். அந்தப் பாறையைப் பற்றி முன்பே எச்சரிக்கை அறிவிப்பு இருந்ததைச் சுட்டிக்காட்டிய நீதிமன்றம், அரசுக்கான செலவாக ஐந்து லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவான தொகையை உரிமையாளரே கட்ட வேண்டுமென்று தீர்ப்பளித்தது 2017இல். ஏழாண்டு இழுத்தது. 2023 செப்டம்பரில் ஓஷன் எக்ஸ்ப்ளோரர் என்ற சுற்றுலாக் கப்பல் 206 பேரோடு கிரீன்லாந்தின் ஆல்ப் நுழைகழியில் தரைதட்டியபோது, உதவிக்கு விரைந்த டென்மார்க் கடற்படைக் கப்பல் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. கடைசியில் கிரீன்லாந்தின் மீன்வள ஆய்வுக் கப்பல் ஒன்று, நீரேற்றம் பார்த்துக் கயிறு கட்டி இழுத்து விடுவித்தது. கடலில் சிக்கிய எவரையும், அவர் கோடீசுவரர் ஆனாலும், காப்பாற்றத்தான் வேண்டும். அது கடலின் சட்டம். தூத்தூர் பக்கத்து மீனவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது, அரசு உதவி வரவில்லை என்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்களும், காணாமற்போனவர்களைத் தேடிச் சொந்தப் படகில் கடலுக்குள் போனவர்களும் அவர்கள்தான். மீட்பு என்பது எவ்வளவு அரிய பொருள் என்பதை அவர்கள் அறிவார்கள். அந்த அரிய பொருளை இலவச இணைப்பாக எண்ணித் தொழில் நடத்துவதைத்தான் நான் மறுக்கிறேன்.

நேரில் பார்த்தவர்கள் திரும்பிவந்து பனிக்கடலின் தூதர்களாக ஆவார்கள், ஆகவே இந்தப் பயணம் நல்லது என்பது கப்பல் நிறுவனங்களின் முதன்மையான பதில். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தென்துருவக் கப்பல் பயணங்களைப் பற்றி 2010இல் வெளியான ஒரு ஐரோப்பிய ஆய்வு, இந்தத் தூதர் கதைக்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் கிடைத்தது பெரிய உமிழ்வுக் கணக்கு மட்டுமே என்றும் சொல்லிற்று. நிலக்கரிக்கும் சரக்குக் கப்பலுக்கும் முன்னால் சில நூறு சுற்றுலாக் கப்பல்கள் எம்மாத்திரம் என்பது இன்னொரு பதில். அளவில் உண்மை. ஆனால் சரக்குக் கப்பலில் வருவது பருப்பும் மருந்தும். அதற்கு மாற்று தேட வேண்டும், நிறுத்த முடியாது. சொகுசுப் பயணத்தில் குறைக்க இடமிருக்கிறது. குறைத்தால் யார் அடுப்பும் அணையாது. மின்கலமும் இயற்கை எரிவாயுவும் சேர்ந்து ஓட்டும் புதுக் கப்பல்களைக் காட்டுவோரும் உண்டு. 2021இல் வந்த பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அந்த வகையில் முன்னேற்றம்தான். ஆனால் அந்த எரிவாயுவிலிருந்து எரியாமல் நழுவும் மீத்தேன் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பம் பிடிக்கும், அங்கே போய்ச்சேர விமானமும் ஏறித்தான் ஆக வேண்டும்.

எளிதில் தள்ளிவிட முடியாத மறுப்பு ஒன்று உண்டு. ஆர்க்டிக்கின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் சிற்றூர்களில் கைவினைப் பொருள் விற்கவும் வழிகாட்டவும் இந்தக் கப்பல்களால் சிலருக்கு வருமானம் வருகிறது. அதைத் தடுக்க நாம் யார்? கூடவே, வளைகுடாவுக்கும் மேலைநாடுகளுக்கும் விமானம் ஏறுவதில் முன்னிற்கும் மாவட்டம், ஆழ்கடலில் நாட்கணக்கில் டீசல் எரிக்கும் விசைப்படகுகள் நிறைந்த மாவட்டம், பிறர் புகையைப் பற்றிப் பேசலாமா? பேசலாம் என்றே நினைக்கிறேன். பிழைப்புக்கு எரிக்கும் டீசலையும் பொழுதுபோக்குக்கு எரிக்கும் எண்ணெயையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. வருமானத்தைப் பொறுத்தவரை, எத்தனை கப்பல், எத்தனை பேர், எங்கே இறங்குவது என்று அந்த ஊர்க்காரர்களே முடிவுசெய்யட்டும். கனடாவில் நானூறு பேர் வாழும் உலுக்ஹாக்டோக் என்ற இனுயிட் ஊரில் ஆயிரம் பேருடைய கப்பல் வந்து நங்கூரமிடும்போது, விருந்தினர் எண்ணிக்கை வீட்டுக்காரரை விழுங்கிவிடுகிறது.

ஸ்வால்பார்டில் நார்வே செய்திருப்பது இந்த வழியில்தான். 2025 ஜனவரி 1 முதல், பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேற்பட்ட கப்பல் வரக் கூடாது. கரையிறங்க 43 இடங்களுக்கு மட்டுமே அனுமதி. பனிக்கரடியிலிருந்து குறைந்தது 300 மீட்டர் விலகி நிற்க வேண்டும், வசந்த காலத்தில் 500. இதை ஆர்க்டிக் முழுவதற்கும் நீட்டிக்க வேண்டும். அதோடு, ஒவ்வொரு கப்பலும் பனிக்கடலுக்குள் நுழையும் முன்பே மீட்புக்கும் மாசு அகற்றுவதற்குமான முழுத்தொகையைக் கரை நாட்டிடம் வைப்பாகக் கட்டிவிட வேண்டும். நடக்காத காரியம் இல்லை: 2016இல் கிரிஸ்டல் செரினிட்டி தன் பயணிகள் ஒவ்வொருவரையும் 50,000 டாலருக்கு அவசர வெளியேற்றக் காப்பீடு எடுக்கச் சொன்னது. பயணிக்கு விதிக்க முடிந்ததைக் கப்பலுக்கும் விதிக்கலாம். பிறகு வசூலிக்கலாம் என்று ஏன் விடக் கூடாது என்பதற்கும் அதே கப்பல்தான் சாட்சி: அந்த நிறுவனம் 2022 தொடக்கத்தில் நொடித்துப்போக, எரிபொருள் பாக்கிக்காகக் கப்பலைப் பஹாமாசில் பிடித்துவைத்தார்கள். இப்படிச் செய்தால் கட்டணம் ஏறும், இன்னும் பெரிய பணக்காரர்கள் மட்டுமே போவார்கள் என்பார்கள். ஏறட்டும். இப்போது போகிறவர்களும் நடுத்தர வர்க்கம் இல்லை. கட்டுப்பாடு பயண சுதந்திரத்தைப் பறிக்கிறது என்போர் கன்னியாகுமரிப் படகுத்துறையைப் பார்க்கலாம். கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் படகு நின்றுவிடும். எங்கிருந்தோ வந்தவர்கள் கரையில் நின்று வள்ளுவர் சிலையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்; உரிமை பறிபோனதாக யாரும் கூச்சலிடுவதில்லை.

கடற்பனி உருகினால் கடல்மட்டம் உயராது. மிதக்கும் பனி முன்பே தன் இடத்தைப் பிடித்திருக்கிறது. உயர்த்துவது கிரீன்லாந்தின் நிலப்பனி. அதிலும் ஒரு விசித்திரம் உண்டு. அந்தப் பெரும்பனி கரையக் கரைய அதன் ஈர்ப்பு குறைவதால், கிரீன்லாந்துக்கு அருகே கடல் தாழ்ந்து, வெகுதொலைவில், நம்மைப் போன்ற வெப்பமண்டலக் கரைகளில், சராசரியைவிட அதிகமாக ஏறும். கடலரிப்பைத் தடுக்க ஊருக்கு ஊர் தூண்டில் வளைவு கேட்டு மனுக்கொடுக்கும் மாவட்டம் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. நாஞ்சில் நாட்டு வயலுக்கும் இதில் பங்குண்டு: கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு நெற்போகங்களும் இரண்டு பருவமழைகளையும் பேச்சிப்பாறை அணைத் தண்ணீரையும் நம்பி விளைபவை. ஆர்க்டிக் மாற்றங்களுக்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பை அறியவே இந்தியா 2008இல் ஸ்வால்பார்டின் நீ-ஆலசுன்ட் கிராமத்தில் ஹிமாத்ரி ஆய்வு நிலையத்தைத் திறந்தது. 2014இல் அங்குள்ள காங்ஸ் நுழைகழியின் ஆழத்தில் இண்டார்க் என்ற கருவித்தொகுதியை இறக்கிவைத்தது. 2013 முதல் ஆர்க்டிக் மன்றத்தில் பார்வையாளர் நாடு என்ற தகுதியும் நமக்கு இருக்கிறது. முன்வைப்புத் தொகை, எண்ணிக்கை வரம்பு, 2029க்குப் பின் எண்ணெய்க்கு எந்த விலக்கும் கூடாது என்ற மூன்றையும் அங்கே இந்தியா எழுப்பலாம். அந்தக் காங்ஸ் நுழைகழிக்குள் சுற்றுலாக் கப்பல்களும் வருகின்றன. நீ-ஆலசுன்டில் இறங்கும் பயணிகளிடம், ஆய்வுக் கருவிகளுக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்பதற்காக, கைபேசியின் வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்துவிடச் சொல்கிறார்கள். பல லட்சம் கொடுத்து வந்தவர்கள்தான், அணைத்துவிட்டுத்தான் நடக்கிறார்கள்.