முத்திரை சுடுவதில்லை

பழைய ரிவால்வர் ஒன்றை வைத்திருப்பவரிடம் அதன் தரத்தைப் பற்றிக் கேட்டால் கிடைப்பது தகவல் அன்று, சாட்சியம். அதுவும் வழக்கில் பங்குள்ளவரின் சாட்சியம். ‘வெப்லி’ என்னும் பர்மிங்காம் பெயரைச் சுற்றி உரிமக்காரர்கள் நடத்தும் ஓயாத வாதத்தை இப்படித்தான் படிக்க வேண்டும். ஒருவருடைய வெப்லி தாத்தா காலம் முதல் சொன்னபடி கேட்கிறது. இன்னொருவருடையதில் விசையை இழுத்தால் உருளை பாதியில் நின்றுவிடுகிறது. முன்னவர் கான்பூர் ரிவால்வரைத் தகரம் என்கிறார். பின்னவர் அதையே தெய்வம் என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் இருவர் சொல்வதும் வெப்லியைப் பற்றியது அன்று.

இந்தப் பெயர்மயக்கம் கோலார் தங்கவயலில் உருவெடுப்பதில் வியப்பில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது முதல் 1956இல் சுரங்கங்கள் அரசுடைமையானது வரை அங்கே துரை என்றால் பங்களா, கிளப், துப்பாக்கி. ஐரோப்பியரையும் ஆங்கிலோ-இந்தியரையும் கொண்ட துணைப்படைக்குத் தங்கவயலின் பெயரிலேயே ஒரு பட்டாலியன் இருந்தது. 2018இலும் 2022இலும் வந்த ‘கே.ஜி.எஃப்’ படங்கள் அந்தப் பழம்பெருமைக்குப் புகையும் இசையும் சேர்த்துவிட்டன. திரையில் எந்தத் துப்பாக்கியும் சிக்கிக்கொள்வதில்லை. சயனைடு மேட்டின் புழுதிக்காற்றிலும் சிக்குவதில்லை!

வரலாற்றில் சிக்கியது. பிரிட்டிஷ் கடற்படை 1912இல் ஏற்ற வெப்லியின் .455 தானியங்கிக் கைத்துப்பாக்கி மிக நெருக்கமான பொருத்தம் கொண்டது. துடைத்து வைத்த கப்பலில் அது மதிப்புப் பெற்றது; மண்ணும் சேறும் பட்ட இடத்தில் மானத்தை வாங்கியது. அதே நிறுவனத்தின் .32 கைத்துப்பாக்கியை லண்டன் மாநகரக் காவல்துறை 1911இல் எடுத்துக்கொண்டு நெடுங்காலம் வைத்திருந்தது. அதே நிறுவனத்தின் ஆறாம் வகை ரிவால்வர் முதல் உலகப்போரின் பதுங்குகுழிச் சேற்றிலும் சுட்டது. ஒரே பெயர், ஒரே ஊர், ஏறத்தாழ ஒரே காலம். மூன்று வேறு அனுபவங்கள். ‘வெப்லி நல்லதா?’ என்ற கேள்வி அன்றே அர்த்தமிழந்துவிட்டது. எந்த வெப்லி, எந்த ஆண்டுடையது, யார் கையில் என்று கேட்பதே கேள்வி.

இரண்டாம் உலகப்போரில் நிறுவனம் இன்னும் ஒரு படி போயிற்று. அவசரத்தில் செய்த நான்காம் வகை ரிவால்வர்களில் ‘வார் ஃபினிஷ்’ என்று தானே பொறித்து அனுப்பியது. ‘இதன் மெருகு எங்கள் வழக்கமான மெருகு அன்று’ என்பதே அதன் பொருள். செய்தவனுக்கு இருந்த அந்த நாணயம் வைத்திருப்பவனுக்கு இல்லை. அந்தப் பொறிப்பைக் காட்டியே ‘போர்க்களம் கண்ட துப்பாக்கி’ என்று விலையேற்றுவோரை என்னென்பது?

இனி, ஏளனத்துக்கு ஆளாகும் இந்திய ரிவால்வரைப் பார்ப்போம். படைக்கலத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் வானத்திலிருந்து விழவில்லை. அது வெப்லியின் நான்காம் வகை அமைப்பைத் தழுவியது. பெயர் இல்லாததால் அதைத் தாழ்த்துவோர் அதன் மூலத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். வெப்லி நிறுவனமோ 1979இல் சுடுகலன் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. 2020இல் அந்தப் பெயர் உத்தரப்பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்துச் சண்டீலாவில் இந்தியக் கூட்டாளியுடன் மீண்டும் .32 ரிவால்வராக வந்தது. அது நன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்; எதுவாயினும் அதற்குக் காரணம் சண்டீலாவின் எஃகும் கடைசல் இயந்திரமும் ஆய்வாளரின் கண்ணுமாகத்தான் இருக்க முடியும். 1887இல் விக்டோரியா அரசியின் படை முதல் வகை வெப்லியை ஏற்றது என்பதற்காக இன்றைய உருளை ஒழுங்காகச் சுழன்றுவிடாது.

அப்படியானால் இந்தப் பக்தி எங்கிருந்து வருகிறது? சட்டத்திலிருந்து. 1980களின் நடுவில் பொதுமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதி அடைபட்டது. அதன்பின் நாட்டுக்குள் இருந்த அயல்நாட்டுத் துப்பாக்கிகளே கைமாறி வருகின்றன. இங்கிலாந்தில் காட்சிப்பொருளாகும் ஒன்று இங்கே பல லட்சத்துக்குப் போகிறது. பல லட்சம் கொடுத்தவன் ‘ஏமாந்துவிட்டேன்’ என்பானா? விற்கும் நாள் வரை அவன் வாயிலிருந்து புகழுரை மட்டுமே வரும். வாங்க முடியாதவனோ கான்பூரைப் போற்றுவதில் ஆறுதல் காண்கிறான். பற்றாக்குறை விலையை ஏற்றியது. விலை வாயைக் கட்டியது. இதற்குப் பெயர் அனுபவமாம்!

சுட்டுப் பார்த்தாவது பேசுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. உரிமம் ஆண்டுக்கு இத்தனை தோட்டா என்று அளந்து கொடுக்கிறது; தோட்டாவின் விலையோ கையைக் கட்டுகிறது. அலமாரியில் உறங்கிய துப்பாக்கி பழுதாகவில்லை என்பது தரத்துக்குச் சான்றாகாது. சுட்டவர்கள் குறை சொன்னாலும், குறை துப்பாக்கியுடையதா, பழைய தோட்டாவுடையதா, உள்ளூர்க் கொல்லர் மாற்றிய ஸ்பிரிங்குடையதா என்று பிரித்துச் சொல்ல யாரிடமும் பதிவேடு கிடையாது.

தங்கவயல் மண்ணில் நின்றுகொண்டு ஒருவர் பெயரை மட்டும் நம்புவது அந்த ஊருக்கே இழுக்கு. அங்கே ‘கோலார்’ என்ற பெயருக்காக எந்தப் பாறையும் ஆலைக்குப் போகவில்லை. மாதிரி எடுத்து, இடித்து, உலையில் உருக்கி, எடைபோட்டு, டன்னுக்கு எத்தனை கிராம் என்று எழுதினார்கள். தொடக்கக் காலத்தில் 40 கிராமுக்கு மேல் தந்த வயல், 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டபோது ஏறத்தாழ 3 கிராமுக்கு இறங்கியிருந்தது. பெயர் மாறவில்லை; கிராம் மாறியது. தங்கத்தைச் சந்தேகித்தார்கள், தொழிலாளியை அதைவிட அதிகமாகச் சந்தேகித்து ஷிஃப்ட் முடிந்ததும் உடலைத் தடவிப் பார்த்தார்கள். துரையின் இடுப்பிலிருந்த துப்பாக்கி மட்டும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதாக இன்றுவரை நீடிக்கிறது.

துப்பாக்கிக்கும் சோதனை உண்டே என்பர். உண்டு, பர்மிங்காமில் அதற்கென 1813இலேயே சட்டம் பிறந்தது. ஆனால் அச்சோதனை வழக்கத்தைவிடக் கூடிய அழுத்தத்தில் குழல் வெடிக்காமல் தாங்குமா என்று மட்டுமே பார்க்கிறது. விசை எத்தனை ஆயிரம் முறை தாங்கும், கீழே விழுந்தால் தானாக வெடிக்குமா என்பவை அந்த முத்திரைக்குள் அடங்கா. ஒரு சவரன் நகை வாங்குபவருக்கு ஆறு எழுத்துக் குறியீடும் தூய்மை அளவும் கிடைக்கும் நாட்டில், லட்சங்கள் கொடுத்து ரிவால்வர் வாங்குபவருக்கு இந்த எண்கள் எதுவும் கிடைப்பதில்லை. ‘தரமானது’ என்ற சொல் கிடைக்கிறது.

இந்த வாதத்தில் ஒருபோதும் அழைக்கப்படாத சாட்சி ஒருவர் இருக்கிறார். சுரங்கம் மூடிய பின் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் கூட்டத்தில் காவல்பணிக்குப் போவோரும் உண்டு. ஆயுதக் காவலராக நிற்பவர் கையிலிருப்பது அவர் தேர்ந்தெடுத்த துப்பாக்கி அன்று. அதன் பெயரில் அவருக்குப் பெருமையும் இல்லை, மறுவிற்பனை லாபமும் இல்லை. அது சுட வேண்டிய நேரத்தில் சுட வேண்டும், சுடக்கூடாத நேரத்தில் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவே. கான்பூரானாலும் சண்டீலாவானாலும் செய்கிறவர்கள் விழுகைச் சோதனை, விசைத் தாங்குதிறன், திரும்பி வந்த பழுதுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள் உரிமக்காரர்கள். அவர்களோ தாத்தாவின் வெப்லிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.