பூஜ்யத்துக்குக் கீழே

எங்கள் வீடு ஊட்டிக்கு அடுத்த தலைகுந்தாப் பக்கம். ஜனவரி வந்தால், விடியற்காலையில் புல்வெளி முழுக்க உப்புத் தூவினாற்போல உறைபனி படிந்திருக்கும்.

போன ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலை, வாசலில் மாட்டியிருந்த தெர்மாமீட்டர் மைனஸ் 1 டிகிரி காட்டியது. மறுநாள் மைனஸ் 3. ஆறாவது படிக்கும் என் பையன், "ஒண்ணு மூணாயிடுச்சும்மா, குளிர் குறையுது" என்றான். நானும் தலையை ஆட்டிவிட்டு, அன்றிரவு பீன்ஸ் செடிகளுக்குச் சாக்குப் போர்த்தாமல் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால், வெந்நீர் கொட்டினாற்போல அத்தனையும் கருகிக் கிடந்தன! வயிறு எரிந்தது.

பிறகு மளிகைக்கடைக் கணக்கை வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். "கையில் 300 ரூபாய் இருக்கிறவன், 100 ரூபாய் இருக்கிறவனைவிட வசதி. ஆனா 300 ரூபாய் கடன்பட்டவன், 100 ரூபாய் கடன்பட்டவனைவிட மோசம்தானே? பணமுமில்லை, கடனுமில்லை என்கிறவன் பூஜ்யம். அவன் இரண்டு கடன்காரனுக்கும் மேலே!" பையனுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது.

கி.பி. 628-லேயே பிரம்மகுப்தர், மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் சொல்லித்தான் கணக்குக்கு விதி வகுத்தாராம்.

சகோதரிகளே, உங்கள் குழந்தை தடுமாறினால் தெர்மாமீட்டரை ஏணி மாதிரி காட்டுங்கள். மேல்படி பெரிது, கீழ்ப்படி சிறிது. 2-க்குக் கீழே 0, அதற்குக் கீழே மைனஸ் 1, இன்னும் கீழே மைனஸ் 3.

இப்போதெல்லாம் மைனஸைப் பார்த்தாலே, என் பையன் சாயங்காலமே சாக்கைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடிவிடுகிறான்!