பெட்டி கொழுவிய மிசினும் நம்ம பொடியன்மாரும்



மாரி வெள்ளாமை வெட்டுத் தொடங்கினால் எங்கள் வகுப்பறைகளில் பின்வாங்கு காலியாகும். பத்தாம், பதினோராம் தரப் பொடியன்மார் வட்டைக்குப் போய்விடுவார்கள். உதவிக்குப் போவதில் எங்களுக்குக் குறை இல்லை. நாங்களும் வாப்பாவோடு போய் வளர்ந்தவர்கள்தான். ஆனால் இப்போது அவர்கள் போவது மூட்டை தூக்க இல்லை, நெல் ஏற்றிய பெட்டியைக் கொழுவிக்கொண்டு மிசின் ஓட்ட. போன போகத்தில் ஒரு பிள்ளை விரலில் கட்டோடு வந்தான். கொழுக்கியில் பின் போடும்போது பெட்டி நகர்ந்து நசுக்கிவிட்டதாம். "பரவாயில்ல சேர், மற்றக் கையால எழுதலாம்" என்றான். அன்றைக்கே இதை எழுத வேண்டும் என்று நினைத்தோம்.

முதலில் சட்டம். கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் இருந்தால் எல்லாம் ஓட்டலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. லேண்ட்மாஸ்டருக்கு ஜீ1 வகுப்பு, நான்கு சில்லு மிசினுக்கு ஜீ வகுப்பு. உங்கள் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அந்த வரியில் திகதி இல்லை என்றால் உங்களுக்கு அனுமதி இல்லை. 18 வயது ஆகாதவருக்கு அந்த அட்டையே கிடையாது. பெட்டியும் தனியாகப் பதிய வேண்டிய ஒன்று. அனுமதிப்பத்திரம் இல்லாத பிள்ளை ஓட்டி வண்டி உடைந்தால், அந்தச் சேதத்துக்குக் காப்புறுதிக்காரரிடம் போய் நிற்க முடியாது. ஆளுக்கு ஏதும் நடந்தால் வழக்கு வாப்பாவின் தலையிலும் வரும். "வயலுக்குத்தானே, பொலிஸ் பார்க்காது" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம்: வட்டையிலிருந்து ஆலைக்கு வரும் வழி பஸ் ஓடும் பிரதான வீதிதான்.

சட்டத்தைவிட எங்களுக்குப் பயம் பாரத்தில். மூட்டை ஒன்று 65 கிலோ என்று வைத்தாலும் 40 மூட்டை 2,600 கிலோ. சாதாரண மிசினின் எடையே ஏறத்தாழ இரண்டு தொன்தான். இழுப்பதைவிட இழுபடுவது பாரம் கூடியது. பெட்டிக்குப் பிரேக் இல்லை என்றால் நிறுத்துகிற வேலை முழுவதும் மிசினுடையது. பிரேக் பிடித்தாலும் பின்னாலிருந்து பெட்டி தள்ளிக்கொண்டே வரும். வளைவில் அப்படித் தள்ளினால் மிசின் குறுக்கே திரும்பிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும் என்று விஞ்ஞான பாடத்தில் படிப்பிக்கிறோம். பரீட்சையில் சரியாக எழுதுகிற பிள்ளைதான் பின்னேரம் மூன்றாவது கியரில் பறக்கிறான்.

2014க்கு முன்னர் மண்முனையில் பாதையில் ஏற்றித்தான் ஆற்றைக் கடந்தோம். பாலம் வந்தது பெரிய நிஃமத். ஆனால் பாலத்துக்கு ஏற்றமும் இறக்கமும் உண்டு. இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறார்கள். அது தற்கொலைக்குச் சமம். இறங்கத் தொடங்க முதலே சின்னக் கியருக்கு வந்துவிட வேண்டும். லேண்ட்மாஸ்டரில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பழகியவர்களுக்கே தடுமாறும். மட்டமான வீதியில் வலது கைப்பிடிக் கிளச்சைப் பிடித்தால் வலது பக்கம் திரும்பும். பாரம் தள்ளுகிற இறக்கத்தில் அதே கிளச்சைப் பிடித்தால் வலது சில்லு விடுபட்டு முந்தி ஓடும், மிசின் இடது பக்கம் திரும்பும். ஆற்றோர வீதியில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை. நான்கு சில்லு மிசினில் இடம் வலமாக இரண்டு பிரேக் மிதி இருக்கும். வயலுக்குள் தனித்தனியாக மிதிக்கலாம். வீதிக்கு ஏறும்போது இரண்டையும் சேர்த்துக் கொண்டி போட வேண்டும். போடாமல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் மிசின் புரளும்.

ஏற்றுகிற விதமும் இருக்கிறது. ஒற்றை அச்சுப் பெட்டியில் பாரம் பின்னுக்குக் கூடினால் கொழுக்கி மேலே தூக்கும், மிசினின் பின்சில்லுப் பிடி குறையும். அச்சுக்குக் கொஞ்சம் முன்னாலே பாரம் கூட இருக்க வேண்டும். பின்னுக்குக் கிளிப் போட்டீர்களா, மேலதிகமாக ஒரு சங்கிலி கட்டினீர்களா என்று பாருங்கள். கம்பியை வளைத்துப் பின்னாகப் போடுகிறவர்களையும் கண்டிருக்கிறோம். வைக்கோல் ஏற்றினால் பின் விளக்கு மறைந்துவிடும். இஷாவுக்குப் பிறகு இருட்டில் நிற்கும் வைக்கோல் பெட்டி மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்குத் தெரியவே தெரியாது. சிவப்பு ஒளிதெறிப்பு ஸ்டிக்கருக்குப் பெரிய காசில்லை.

பெட்டிக்குள் ஆள் ஏற்றுவதைப் பற்றி எழுத மனம் கனக்கிறது. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தபோது, நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. ஆறு மாணவர்கள் வபாத்தானார்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. அந்தக் குடும்பங்களின் காயத்தைக் கிளற எழுதவில்லை. வெள்ளம் வந்தால் நம் ஊரிலும் முதலில் தேடுவது மிசினைத்தான். சில்லு பெரிசு, போகும் என்று நம்புகிறோம். மிசின் போகலாம், பெட்டி போகாது. பக்கப் பலகை அடைத்த பெட்டி ஓடுகிற தண்ணீருக்கு ஒரு சுவர். உள்ளே பாரம் குறைவென்றால் மிதக்கவும் பார்க்கும். இரண்டடி ஓடுநீர் பெரும்பாலான வாகனங்களைத் தூக்கிவிடும். வீதியின் ஓரம் தெரியாத தண்ணீரில் பிள்ளைகளை ஏற்றிப் போகாதீர்கள். ஒருநாள் பிந்தி வரட்டும்.

வாப்பாமாரிடம் ஒரு கேள்வி. பதினைந்து வயது மகன் மிசின் ஓட்டுவதை வீடியோ எடுத்துப் போடுகிறீர்கள், நாங்களும் பார்க்கிறோம். கூலிச் சாரதி கேட்கும் காசு கூடத்தான், மறுக்கவில்லை. அந்தக் கணக்கில் பிள்ளையை எந்தப் பக்கம் எழுதினீர்கள்?

வெட்டுத் தொடங்குமுன் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வளவில் மிசின்களை நிறுத்தி கொழுக்கி, விளக்கு, பிரேக் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். மிசின் திருத்தத் தெரிந்த காக்காமார் யாராவது வருவதென்றால் கீழே சொல்லுங்கள்.