சுவரில் மாட்டினால்தான் கலையா?

சென்ற மாதம் ஒரு நண்பர் வீட்டில் இலக்கியச் சந்திப்பு. ஏழெட்டுப் பேர், ஒரு பெரிய பாத்திரத்தில் பிரியாணி, வழக்கமான பேச்சு. அடுத்து என்ன எழுதுகிறாய் என்று ஒருவர் கேட்டார். க்வில்ட் தைக்கும் பெண்களைப் பற்றி என்றேன்.

"போர்வை தைக்கிறவங்களைப் பத்தியா?" என்றார் அண்ணன். "நல்லாத்தானேப்பா எழுதிக்கிட்டிருந்தே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணன் என்னைவிட இருபது வயது மூத்தவர். என் முதல் கட்டுரையைச் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தவர். அதனால் அங்கே வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்த நாற்பது நிமிடமும் அவரோடு மனதுக்குள் சண்டை போட்டேன். அந்தச் சண்டையைத்தான் இங்கே எழுதுகிறேன். அண்ணன் படிப்பார், கோபித்துக்கொள்ளவும் மாட்டார்.

அன்று அவர் மூன்று விஷயங்கள் சொன்னார். ஒன்று, பயன்படுத்தும் பொருள் கைத்தொழில்தான், கலை ஆகாது. இரண்டு, பாட்டி போட்ட அதே வடிவத்தைப் பேத்தியும் போடுகிறாள், இதில் படைப்பு எங்கே இருக்கிறது? மூன்று, பத்துப் பேர் கூடி உட்கார்ந்து வகுப்பு வைத்துச் செய்வது பொழுதுபோக்கு, கலைஞன் தனியன்.

முதலில் க்வில்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளை இணைத்த முகப்பு, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி. மூன்றையும் ஊடுருவி ஓடும் தையல்தான் அதை க்வில்ட் ஆக்குகிறது. நம் வீடுகளில் பழைய புடவைகளை அடுக்கிக் குழந்தைக்கு விரிப்பு தைப்பார்களே, அதன் தூரத்துச் சொந்தம்.

இப்போது முதல் குற்றச்சாட்டு. ஜார்ஜியாவில் 1837இல் அடிமையாகப் பிறந்தவர் ஹேரியட் பவர்ஸ். 1886இல் ஏதென்ஸ் நகரின் பருத்திக் கண்காட்சியில் அவர் தைத்த ஒரு க்வில்ட் வைக்கப்பட்டது. பைபிள் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த பதினோரு கட்டங்கள். ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை அதை விலைக்குக் கேட்டார். பவர்ஸ் தர மறுத்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்துக் குடும்பம் நொடித்தபோது அவரே கொண்டுவந்து பத்து டாலர் கேட்டார். கிடைத்தது ஐந்து டாலர். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு கட்டமும் என்ன சொல்கிறது என்று விளக்கினார், ஸ்மித் அதை எழுதி வைத்துக்கொண்டார். பிறகும் சில தடவை அந்த வீட்டுக்கு வந்து தன் க்வில்ட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் பவர்ஸ். இன்று அது ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விற்றுவிட்ட போர்வையைப் பார்க்க யாராவது திரும்ப வருவார்களா அண்ணே? தான் செய்தது என்ன என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

நியாயமாகப் பார்த்தால் என் சண்டை அண்ணனோடு மட்டும் முடிவதில்லை. க்வில்ட்டைக் கலை என்று கொண்டாடியவர்களோடும் எனக்கு வழக்கு உண்டு. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் அமெரிக்க க்வில்ட்டுகளின் அரூப வடிவமைப்பு என்ற பொருளில் ஒரு கண்காட்சி நடந்தது. ஜொனாதன் ஹோல்ஸ்டீனும் கெய்ல் வான் டெர் ஹூஃபும் தொகுத்தது. கட்டிலில் கிடந்தவை வெள்ளைச் சுவருக்கு ஏறின. அதுவரை திரும்பிப் பார்க்காத விமர்சகர்கள் அரூப ஓவியம்போலவே இருக்கிறதே என்று வியந்தார்கள். ஆனால் பெரும்பாலானவற்றைத் தைத்தது யார் என்ற தகவல் அங்கே இல்லை. இரண்டு வருடம் கழித்து பாட்ரிஷியா மைனார்டி என்ற ஓவியர் இதைக் கண்டித்து எழுதினார். பல பெண்கள் தங்கள் க்வில்ட்டிலேயே பெயரையும் ஆண்டையும் தைத்து வைத்திருக்கிறார்கள், பெயரற்ற கலை என்று இதைப் புகழ்வது எந்த ஊர் நியாயம் என்பதுதான் அவர் கேள்வியின் சாரம்.

'ஓவியம் மாதிரி இருக்கிறது' என்பதைப் பாராட்டு என்று நினைக்கிறோம். ஒரு பெண்ணைப் பார்த்து 'நீ ஆம்பளை மாதிரி யோசிக்கிறே' என்று சொல்லும் அதே பாராட்டுதான் இது.

இதன் முழுக் கதையும் தெரிய வேண்டுமென்றால் ஜீஸ் பெண்டுக்குப் போக வேண்டும். அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஒரு கிராமம். பெட்வே என்ற தோட்ட முதலாளியின் பெயரையே அடிமைகளின் வழிவந்தவர்கள் இன்றும் சுமக்கிறார்கள், அதனால் பாதிப் பேர் பெட்வே. ஆற்றைக் கடந்தால் காம்டன், மாவட்டத் தலைநகர். வாக்காளராகப் பதிய அங்கேதான் போக வேண்டும். கறுப்பின மக்கள் பதியப் புறப்பட்ட காலத்தில், 1962இல், படகுச் சேவை நின்றது. சாலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுற்ற வேண்டும். படகு திரும்ப வந்தது 2006இல்.

அந்த ஊரில் குளிருக்குத்தான் க்வில்ட் தைத்தார்கள். துணி வாங்கக் காசு கிடையாது. வயலில் உழைத்துக் கிழிந்த கால்சட்டை, மாவுச் சாக்கு, எது கிடைத்தாலும் துணி. 1942இல் மிசௌரி பெட்வே கணவரைப் பறிகொடுத்த துக்கத்தில் இருந்தார். அவர் வேலைக்கு உடுத்திய துணிகளைப் பிரித்து, வெட்டி, ஒரு க்வில்ட் தைத்தார். அவர் நினைவாக அதைப் போர்த்திக்கொண்டு படுக்க விரும்பினார். மகள் ஆர்லோன்சியா பல வருடம் கழித்துச் சொல்லித்தான் இது வெளியே தெரிந்தது. பயன்பாட்டுப் பொருள் என்ற குற்றச்சாட்டை இதன் முன்னால் வைத்துப் பாருங்கள். அது போர்த்தப்பட்டது என்பதால்தான் அதற்கு அந்த அர்த்தம். சுவரில் மட்டும் தொங்கியிருந்தால் பாதி செத்திருக்கும்.

அடுத்தது, பாட்டி போட்ட வடிவம். ஜீஸ் பெண்டில் 'ஹவுஸ்டாப்' என்றொரு வடிவம் உண்டு. நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றி நான்கு பட்டைகள், மறுபடி சுற்றி நான்கு. மேலிருந்து பார்த்த வீட்டுக்கூரை மாதிரி விரிந்துகொண்டே போகும். அவ்வளவுதான் விதி. ஆனால் பட்டையின் அகலம் மாறும், நடுச் சதுரம் ஓரத்துக்கு நகரும், ஒரு மூலையில் திடீரென்று சிவப்பு பாயும். ஊரில் இரண்டு ஹவுஸ்டாப் ஒன்றுபோல் இருக்காது. பெயரைப் பார்க்காமலே யார் தைத்தது என்று பழகியவர் சொல்லிவிடலாம்.

அண்ணே, நீங்கள் வெண்பா பிரியர். ஈற்றடி மூன்று சீர், தளை தட்டக்கூடாது. பாட்டன் பூட்டன் போட்ட அதே சட்டகம். அங்கே சட்டகம் இருப்பது மரபு, இங்கே இருந்தால் நகல் என்பீர்களா? கல்யாணி ராகத்தைப் பாடுகிற ஒவ்வொருவரையும் பழைய ராகத்தையே பாடுகிறீர்களே என்று கேட்டிருக்கிறீர்களா?

நகல் எப்போது வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1966இல் அந்த மாவட்டப் பெண்கள் ஃப்ரீடம் க்வில்டிங் பீ என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். குடியுரிமைப் போராட்டக் காலத்தில் கையில் நான்கு காசு வர வழி செய்தது அது. ஆனால் பெரிய கடைகள் ஒரே அளவு, ஒரே வடிவம் கேட்டன. 1972 முதல் சியர்ஸ் கடைக்குக் கோர்டுராய் தலையணை உறை தைத்தார்கள். எல்லாம் அச்சுப்போல. மிச்சம் விழுந்த கோர்டுராய் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தங்கள் மனதுக்குத் தைத்தார்கள். இன்று அருங்காட்சியகங்கள் போற்றுவது அந்த மிச்சத் துண்டுகளில் பிறந்தவற்றையும்தான்.

2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொடங்கி ஜீஸ் பெண்ட் க்வில்ட்டுகள் அதே விட்னிக்கு வந்தன. இந்தத் தடவை பெயர்களோடு. நியூயார்க் டைம்ஸில் மைக்கேல் கிம்மல்மேன் மத்தீஸையும் க்ளேயையும் துணைக்கு அழைத்துப் புகழ்ந்தார். 2006இல் தபால்தலை வந்தது. சுவரும் புகழும் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அடுத்த வருடமே சில க்வில்ட் கலைஞர்கள் தங்கள் வேலையின் உரிமையும் வருமானமும் பற்றி வழக்குத் தொடுத்தார்கள். அது 2008இல் சமரசமாக முடிந்தது. 2024இல் ஒரு பெரிய கடைத்தொடர் அவர்களின் வடிவங்களை இயந்திரத்தில் அச்சடித்து விற்றது. விற்பனையில் பங்கு கிடையாது, ஒரு தடவை கொடுக்கும் தொகை மட்டும். பவர்ஸின் ஐந்து டாலர் ஞாபகம் வருகிறது. கலையா கைத்தொழிலா என்று நாம் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே விவாதிக்கிறோம். கைத்தொழில் என்று முடிவு கட்டினால் கூலி போதும், பெயரும் பங்கும் தர வேண்டாம்.

கடைசிக் குற்றச்சாட்டுதான் எனக்கு முக்கியமானது. கலைஞன் தனியனாம்.

நான் வசிக்கும் ஊரில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் க்வில்ட் சங்கம் கூடுகிறது. மனைவியை இறக்கிவிடப் போனவன் காபிக்காக உள்ளே நுழைந்தேன், இரண்டு நாள் இருந்துவிட்டேன். அன்று ஒரு பயண ஆசிரியை வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். இரண்டு பெட்டிகள், சின்னதில் உடுப்பு, பெரியதில் க்வில்ட்டுகள். இதற்கு 'ட்ரங்க் ஷோ' என்று பெயர். ஒவ்வொன்றாகப் பிரிக்க, வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு பெண்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து உயர்த்துகிறார்கள். எதில் தவறு செய்தேன், எதைப் பிரித்துத் திரும்பத் தைத்தேன் என்று அவர் சொல்லிக்கொண்டே போகிறார். வருடத்தில் பாதி நாள் இப்படி ஊர் ஊராகப் போகிறாராம், தங்குவது பெரும்பாலும் சங்கத்து உறுப்பினர் வீட்டில்.

மறுநாள் பட்டறை. சுவரில் ஃப்ளானல் துணி. துண்டுகளை ஒட்டவைத்துப் பத்தடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொன்னார். கண்ணைச் சுருக்கினால் நிறம் மங்கி வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். ஒரு பெண் நீலங்களாகவே அடுக்கியிருந்தார். ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் ஒரு மங்கிய மஞ்சள் துண்டை எடுத்து நடுவில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அறையே நின்று பார்த்தது. எங்கள் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் என் நிரலை வரிவரியாகப் படித்து ஒரே ஒரு வரியை மாற்றச் சொன்ன நாள் ஞாபகம் வந்தது. உலகமே ஓடுகிற லினக்ஸை ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதினார்கள். கூட்டு வேலை என்பதால் அது மட்டம் என்று எந்தப் பொறியாளனும் சொல்லமாட்டான்.

ஃபெய்த் ரிங்கோல்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியர், 2024இல் மறைந்தார். 1972இல் ஆம்ஸ்டர்டாமில் திபெத்தியத் தங்காக்களைப் பார்த்தபின் துணியைச் சட்டமாக்கி வரையத் தொடங்கினார். சுருட்டிப் பெட்டியில் போட்டுத் தானே எங்கும் கொண்டுபோகலாம், பளுவான சட்டங்களைத் தூக்க யார் தயவும் வேண்டாம். முதல் க்வில்ட்டை 1980இல் தன் அம்மா வில்லி போஸியோடு சேர்ந்து செய்தார். அம்மா ஆடை வடிவமைப்பாளர், அடுத்த வருடம் இறந்துவிட்டார். தன் வாழ்க்கை வரலாற்றைப் பதிப்பிக்க ஆள் கிடைக்காதபோது ரிங்கோல்ட் க்வில்ட்டிலேயே கதை எழுதினார்.

எய்ட்ஸ் நினைவு க்வில்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனின் நேஷனல் மாலில் 1,920 பலகங்கள் விரிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு புதைகுழியின் அளவு. பல இறுதிச்சடங்கு நிறுவனங்கள் அந்த உடல்களைத் தொட மறுத்த காலம். அதுவரை ஊசி பிடிக்காதவர்களெல்லாம் நண்பனின் பெயரைத் தைத்தார்கள். இன்று ஏறக்குறைய 50,000 பலகங்கள், 54 டன். எந்தத் தனிமேதை இதைச் செய்திருக்க முடியும்?

எல்லா க்வில்ட்டும் கலை என்று நான் வாதிடவில்லை. கடையில் விற்கும் மாதிரித் தாளை வாங்கி அப்படியே தைத்து முடிப்பவர்கள் நிறைய. அந்தக் கீழ்த்தளத்திலும் சுமாரானவைதான் அதிகம். கவிதையிலும் அப்படித்தானே? மோசமான கவிதையைப் பார்த்துக் கவிதையே கலை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. அந்த மரியாதையை ஊசிக்கும் கொடுங்கள் என்கிறேன்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்று அண்ணன் கேட்கலாம். என் அம்மா தையல்காரி. ஜாக்கெட் தைத்து, புடவைக்கு ஃபால்ஸ் வைத்து, இரவு பதினொரு மணிவரை மிஷின் மிதித்துத்தான் என் கல்லூரிக் கட்டணம் கட்டினார். கல்லூரி விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் கட்டிக்கொண்டிருந்தார். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

போன ஞாயிறு அவருக்கு லுடீஷா பெட்வே ஏறக்குறைய 1950இல் தைத்த க்வில்ட்டின் படத்தை அனுப்பினேன். வேலைக்குப் போட்ட கால்சட்டைகளின் கால்களை வரிசையாகச் சேர்த்துத் தைத்தது. ஓவியம் மாதிரி இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"முட்டி பாருடா, எப்படி வெளிறிப் போயிருக்கு. பாக்கெட்டைப் பிரிச்ச இடம் மட்டும் அப்படியே கருநீலமா இருக்கு. வேணும்னேதான் அதை விட்டிருக்கா. திருப்பிப் போட்டிருந்தா மறைச்சிருக்கலாம்."

நான் படித்த எந்த விமர்சனமும் அதை இப்படிப் படிக்கச் சொல்லித் தரவில்லை.

"யாரு தைச்சதுன்னு பேரு போட்டிருக்கா?" என்று கேட்டார்.

"போட்டிருக்கும்மா."