செஞ்சோற்றுக் கடன்: கர்ணனா, கும்பகர்ணனா?

நம் பட்டிமன்றங்களில் செஞ்சோற்றுக் கடன் என்றால் கர்ணனுக்கே முதல் நாற்காலி. கும்பகர்ணன் அவனுக்குப் பின்னால், தூக்கத்துக்குப் பேர்போன கோமாளியாக நிற்கிறான். 1964-இல் வந்த ‘கர்ணன்’ திரைப்படம் இந்த வரிசையை உறுதியாக்கிவிட்டது. வியாசனையும் வில்லிபுத்தூராரையும் நாம் சிவாஜி கணேசனின் முகம் வழியாகவே வாசிக்கிறோம். இது தவறான வரிசை என்பது என் கட்சி.

கடனைப் பற்றியே பேசுவோம். பீஷ்மர் தன்னை அர்த்தரதன், அதாவது பாதி வீரன், என்று இகழ்ந்ததற்காக, அவர் வீழும்வரை களம் புகேன் என்று ஒதுங்கியவன் கர்ணன். பத்து நாள் போர் அவனின்றியே நடந்தது. (அக்கிலீஸும் இப்படித்தான் கூடாரத்தில் முடங்கினான். ஆனால் அவன் எவர் சோற்றுக்கும் கடன்பட்டவனல்லன்.) பிறகு, குந்திக்குத் தந்த வாக்குக்காக, அர்ச்சுனன் தவிர்த்த நால்வரையும் கையில் சிக்கியும் கொல்லாது விட்டான். துரியோதனன் அங்க நாடு தந்தது இதற்காகவா?

கம்பனின் கும்பகர்ணனைப் பாருங்கள். மந்திரப் படலத்தில், பிறன் மனைவியைச் சிறைவைத்துக்கொண்டு புகழையும் விரும்புகிறோமே என்று அண்ணனின் முகத்துக்கு நேரே இடித்துரைக்கிறான். பின்னர், போருக்கென்று எழுப்பப்பட்டபோதும் சீதையை விட்டுவிடு என்றே சொல்கிறான். அண்ணன் கேட்கவில்லை, மடிவோம் என்று தெரிந்தே போகிறான். வீடணன் களத்துக்கே வந்து அழைக்கிறான். தான் வர மறுக்கும் கும்பகர்ணன், தம்பியை இராமனிடமே திரும்பிப் போகச் சொல்கிறான். தன் நியாயத்தைத் தம்பி தலையில் சுமத்தாத இந்த மனவிரிவு கர்ணனிடம் எங்கே இருக்கிறது? சாகும் தறுவாயிலும் இராமனிடம் அவன் முதலில் வேண்டுவது தம்பியின் பாதுகாப்பை. மூக்கிழந்த தன் தலையைக் கடலில் எறியச் சொல்வது அதற்குப் பிறகுதான்.

இதையெல்லாம் கூடலூரை அடுத்த தேவர்சோலையில், ஒரு தேநீர்க்கடையில் சொல்லப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கூடலூர் வட்டாரத்துத் தோட்டங்களில், 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் பல உண்டு. அங்கே லயத்துத் திடலில் அர்ச்சுனன் தபசு பார்த்து வளர்ந்த பெரியவர் ஒருவர் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார்.

“தம்பி, கூடப் பொறந்தவன் திட்டுனா அது குடும்பச் சண்டை. கூலிக்காரன் தொரைய எதுத்துப் பேசுனா அன்னிக்கே வேலையும் போயிரும், லயத்து வீடும் போயிரும். கர்ணனுக்குப் போக்கிடம் ஏது?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கண்ணன் அரியணையையே காட்டி அழைத்தானே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதை மறுத்ததுதான் கர்ணனின் பெருமை, அது பெரியவர் பக்கமே சேரும். மலை இறங்கும்போதுதான் விகர்ணன் நினைவுக்கு வந்தான். சோற்றுக்காக வாய்மூடியிருந்தால் கர்ணனை நான் பழிக்கமாட்டேன். வியாசனின் சபையில் அவன் வாய்மூடவில்லை. திரௌபதிக்காக எழுந்து பேசிய ஒரே கௌரவத் தம்பியைச் சிறுபிள்ளை என்று அடக்கியவன் அவன். ஆடையைக் களையத் துச்சாதனனை ஏவியவனும் அவனே. துரியோதனன் அவனிடம் இதைக் கேட்கவே இல்லை.

அடுத்த முறை தேவர்சோலை போகையில் பெரியவரிடம் இதைச் சொல்ல வேண்டும். அவரிடம் இதற்கும் ஒரு பதில் இருக்கக்கூடும்.