அழகுக்காகப் படியை அறுப்பதா?

கோயம்பேடு மார்க்கெட்டுக்கு லோடு ஏற்ற வரும் பிக்கப் வேன்கள் சிலவற்றில், கதவுக்குக் கீழே அகலப் படியைக் காணோம். அந்த இடத்தில் பளபளவென்று ஒரு எவர்சில்வர் பைப்! "வண்டி சும்மா கும்முனு இருக்கணும்" என்ற ஆசைதான் காரணம்.

படி எதற்கு? கால் வைக்க! பலகை அகலமாக, சொரசொரப்பாக இருந்தால் பாதம் பதியும். வழுவழு பைப்பில் மழைச் சேற்றுச் செருப்போடு ஏறினால் வழுக்கத்தான் செய்யும். விழப் போவது முதலாளி அல்ல. நாள் முழுக்க ஏறி இறங்கும் டிரைவரும் லோடுமேனும்தான். கால் முறிந்தால் கூலி போச்சு, அடுப்பும் அணைஞ்சு போச்சு!

கம்பெனி தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்திய சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

வண்டிக்காரர்களைப் பிடிப்பதோடு அதிகாரிகள் நிற்கக் கூடாது. படியை அறுத்துத் தரும் பட்டறைகளையும் எச்சரிக்க வேண்டும்.

அழகு பார்க்க வேண்டாம் என்று யார் சொன்னது? கண்ணாடியைத் துடைக்கட்டும், பூமாலை போடட்டும். படியில் மட்டும் கை வைக்க வேண்டாம். அது கால் வைக்கும் இடம்!