தீர்மானம் வேறு, தண்ணீர் வேறு

ஒரு சிறிய மாநகராட்சியின் மாமன்றக் கூட்டத்தைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். அஜெண்டாவில் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள். ஒருவர் எண்ணை மட்டும் வாசித்துக்கொண்டே போனார். பின்வரிசையிலிருந்து "ஆல் பாஸ், ஆல் பாஸ்" என்று குரல். அரைமணி நேரத்தில் கோடிக்கணக்கான ரூபாய்க்கு ஒப்புதல் ஆகிவிட்டது.

தனி வார்டிலிருந்து ஜெயித்து வந்த அக்கா ஒருவர் மட்டும் எழுந்து தன் தெருக் குடிநீர்க் குழாயைப் பற்றிக் கேட்டார். "பரிசீலிக்கப்படும், உட்காருங்கம்மா" என்றார்கள். வெளியே டீக்கடையில் அவர் சொன்னது இது: "தீர்மானமே ஆயிருச்சு தம்பி. மூணு வருசமாச்சு. இஞ்சினியரைக் கேட்டா கமிஷனரைப் பாருங்கறாரு. அவரைக் கேட்டா சென்னையிலேர்ந்து நிதி வரணுங்கறாரு. மேயரைக் கேட்டா கையை விரிக்கிறாரு."

இது நமக்குப் புதுக் கதையல்ல. 1923இல் பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதாருக்குத் திறந்துவிடப் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதையொட்டி 1924இல் மகாத் என்ற சின்ன ஊரின் நகராட்சி, சவதார் குளம் எல்லாருக்கும் பொது என்று தீர்மானித்தது. மூன்று வருடம் ஒரு தலித்தின் வாயிலும் அந்தத் தண்ணீர் படவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய் அள்ளிக் குடித்த பிறகுதான் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. உடனே சாதி இந்துக்கள் அடித்தார்கள். அதே ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் தானே ரத்து செய்தது. உயர்நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது 1937இல். போட்டதும் மன்றம், பிடுங்கியதும் மன்றம்.

இன்றைய நகராட்சி எப்படி ஓடுகிறது? மேயர் கூட்டத்துக்குத் தலைமை ஏற்கிறார். மன்றம் தீர்மானிக்கிறது. நிறைவேற்றும் அதிகாரமோ ஆணையரிடம். அவரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. மன்றத் தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம் குடிநீர், சேரி மேம்பாடு உள்ளிட்ட 18 துறைகளைப் பட்டியல் போட்டது. ஆனால் அவற்றை மாநிலம் ஒப்படைக்க 'லாம்' என்றுதான் எழுதினார்கள். அந்த 'லாம்' என்கிற ஒற்றைச் சொல்லில்தான் அக்காவின் குழாய் மாட்டிக்கொண்டிருக்கிறது.

மேயராவது மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவரா? 1996இலும் 2001இலும் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் கவுன்சிலர்கள். 2011இல் மறுபடியும் மக்கள். 2022இல் மறுபடியும் கவுன்சிலர்கள், அதாவது கட்சித் தலைமை. நடுவே 2016 முதல் 2022 வரை மன்றமே கிடையாது. அதிகாரிகளே ஆண்டார்கள். அப்படியும் நகராட்சி ஓடியது என்றால் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பது விளங்கவில்லையா?

1997இல் மேலவளவில், ஊராட்சித் தலைவர் நாற்காலியில் நம்மவர் உட்கார்ந்ததற்கு ஆறு உயிர்களைக் கேட்டார்கள். நகரத்தில் அரிவாள் தேவைப்படுவதில்லை. நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கோப்பை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். 2022இல் 21 மாநகராட்சிகளில் சென்னை, தாம்பரம், ஆவடி மேயர் பதவிகள் நமக்கு ஒதுக்கப்பட்டன. சென்னைக்கு முதன்முதலாக ஒரு தலித் பெண் மேயரானார். பெருமைப்பட்டோம், அதில் தப்பில்லை. ஆனால் 2025 ஆகஸ்டில் அதே ரிப்பன் மாளிகை வாசலில், குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. உள்ளே நாற்காலியில் நம் பெண். வெளியே தரையில் நம் பெண்கள்.

இதைக் காட்டி, "உள்ளாட்சி ஒதுக்கீடு எலும்புத்துண்டு, அந்தப் பக்கமே போகாதே" என்கிறார்கள் சில தோழர்கள். எனக்கு உடன்பாடில்லை. வெளியே நின்றால் கோப்பு தானாக நடந்து வருமா? ஆனால் அக்காவைத் தனியாக உள்ளே அனுப்பிவிட்டு நாம் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருப்பதும் துரோகம்தான். ஜெயிக்கிற வரைக்கும் இயக்கம் கூட நிற்கிறது. ஜெயித்த மறுநாள் அவரைக் கட்சிக்காரனிடமும் காண்ட்ராக்டரிடமும் விட்டுவிட்டு வந்துவிடுகிறது.

மாணவத் தோழர்களே, உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர் மன்றத்தின் கடைசி இரண்டு வருடத் தீர்மான நகல்களையும் பட்ஜெட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். சேரித் தெருக்களுக்கான தீர்மானங்களைத் தனியாக எழுதுங்கள். எது டெண்டர் ஆனது, எது ஆகவில்லை, எந்த மேசையில் தூங்குகிறது என்று எதிரே குறியுங்கள். அந்தத் தாளை உங்கள் கவுன்சிலர் கையில் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் "ஆல் பாஸ்" குரல் வரும்போது எண்ணைச் சொல்லி அவர் எழுந்து நிற்கட்டும். பார்வையாளர் வரிசையில் நாம் ஐம்பது பேராவது உட்கார்ந்திருப்போம்.

மகாத்தில் தீர்மானம் போட்டது மன்றம். தண்ணீரைத் தொட்டது கால்நடையாகப் போன கூட்டம். அக்காவின் குழாய்க்கும் அந்தக் கூட்டம்தான் போக வேண்டும்.